ஏற்காட்டு வீட்டில் ஒரு ஜாஸ் கிட்டார் ஆல்பம்: சிறு குழுவுக்கான முழுமையான ஒலிப்பதிவு வழிகாட்டி

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹேக்கன்சாக் என்றோர் ஊர் இருக்கிறது. பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்துவந்த ரூடி வான் கெல்டர், அந்த ஊரில் தம் பெற்றோருடைய வீட்டின் வரவேற்பறையில்தான் 1959 வரை ஜாஸ் குழுக்களைப் பதிவு செய்தார். இன்றைக்கும் உலகெங்கும் கேட்கப்படும் பல இசைத்தட்டுகள், ஒரு குடும்பம் உட்கார்ந்து பேசும் அந்தக் கூடத்தில் பிறந்தவை. சேலத்தில் ஜாஸ் வாசிக்கும் எங்களைப் போன்ற சிலருக்கு இந்தச் செய்தி பெரிய தெம்பைக் கொடுத்தது. 1930களிலேயே மாடர்ன் தியேட்டர்ஸ் படமெடுத்த ஊர் இது. அதன் நுழைவு வளைவு ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கிறது. அந்த வளைவைத் தாண்டி மலையேறி, வாடகைக்கு எடுத்த ஓர் ஓட்டு வீட்டில் நான்கு நாள்கள் தங்கி, கிட்டார், பேஸ், ட்ரம்ஸ் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏழு உருப்படிகளைப் பதிவு செய்தோம்.

அதற்கு முந்தைய ஆண்டு, சேலத்திலேயே ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒவ்வொருவரும் தனித்தனி நாளில் போய், காதில் ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும் மெட்ரோனோமைக் கேட்டபடி வாசித்துவிட்டு வந்தோம். எல்லா ஸ்வரமும் சரியாக இருந்தது. ஆனால் மூன்று பேர் பேசிக்கொள்வதுபோல ஓர் இடம்கூட இல்லை. இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அந்தக் குறையைத் தீர்ப்பதற்காக நாங்கள் கற்றுக்கொண்டது. ஜாஸில் சிறு குழு என்பது ஒருவர் காதில் விழுந்ததற்கு இன்னொருவர் அந்தக் கணத்தில் பதில் சொல்வது. ஆகவே எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே கூடத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிக்க வேண்டும். மைக் எங்கே வைப்பது, எந்த மாதம் மலையேறுவது என்ற கேள்விகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் கேட்க வேண்டியவை

கருவிகளைத் தொடுவதற்கு முன்பு ஒரு மாதம் கேட்பதற்கு ஒதுக்குங்கள். மூன்று ஆல்பங்கள் போதும். ஆனால் ஒவ்வொன்றையும் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கருவியை மட்டும் பின்தொடர்ந்து கேட்க வேண்டும்.

முதலாவது, வெஸ் மாண்ட்கோமரியின் ‘தி இன்க்ரெடிபிள் ஜாஸ் கிட்டார் ஆஃப் வெஸ் மாண்ட்கோமரி’. 1960 ஜனவரியில் நியூயார்க்கில் இரண்டே நாள்களில் பதிவானது. டாமி ஃபிளானகன் பியானோ, பெர்சி ஹீத் பேஸ், அவருடைய தம்பி ஆல்பர்ட் ஹீத் ட்ரம்ஸ். வெஸ் பிளெக்ட்ரம் எனப்படும் மீட்டுவில்லை பயன்படுத்தாமல் கட்டைவிரலால் வாசித்தவர். அந்தச் சதைப்பற்றான நாதம் அதனால் வந்தது. அவர் சோலோவை, அதாவது தனியாக முன்னின்று கற்பனையாக வாசிக்கும் பகுதியை, எப்படி வளர்க்கிறார் என்று கவனியுங்கள்: பல இடங்களில் முதலில் ஒற்றை ஸ்வரங்கள், பிறகு மந்திர ஸ்தாயியும் மத்திய ஸ்தாயியும் சேர்ந்த ஆக்டேவ், கடைசியில் பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் முழுக் கார்டுகள். விரல் வேகத்தைக் கூட்டாமலேயே கேட்பவரை மேலே ஏற்றிவிடும் வழி இது. ஆலாபனையில் படிப்படியாக மேல் ஸ்தாயிக்குப் போவதைக் கேட்டுப் பழகிய நமக்கு இது உடனே பிடிபடும்.

இரண்டாவது, கென்னி பரெலின் ‘மிட்நைட் ப்ளூ’. 1963 ஜனவரியில் வான் கெல்டரின் புதிய கூடத்தில் பதிவானது. இதில் பியானோ இல்லை. அந்த இடத்தில் ரே பரெட்டோவின் காங்கா (கையால் தட்டும் உயரமான முரசு) இருக்கிறது. கார்டு வாசிக்கக்கூடிய இன்னொரு கருவி குறுக்கே வராததால் கிட்டாருக்குக் கிடைக்கும் காற்றோட்டத்தை இதில் கேட்கலாம். கீபோர்டு வாசிக்கும் நண்பரை மரியாதைக்காகச் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்கள் இதை இரண்டு முறை கூடுதலாகக் கேட்க வேண்டும். கிட்டாரும் பியானோவும் ஒரே நேரத்தில் ஒரே ஸ்தாயியில் கார்டு வாசித்தால் இரண்டுமே கலங்கும். சேர்ப்பதென்றால், ஒருவர் சோலோ வாசிக்கும்போது மற்றவர் மட்டுமே பின்னணி வாசிப்பது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, பாட் மெத்தனியின் ‘பிரைட் சைஸ் லைஃப்’. 1975 டிசம்பரில் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் நகரில், ஈ.சி.எம். இசை வெளியீட்டு நிறுவனத்துக்காகப் பதிவானது. அப்போது மெத்தனிக்கு வயது 21. ஜாக்கோ பாஸ்டோரியஸ் பேஸ் கிட்டார், பாப் மோசஸ் ட்ரம்ஸ். டபுள் பேஸ் (நின்றபடி வாசிக்கும் பெரிய மர பேஸ்) கிடைக்காத நம்மைப் போன்றவர்களுக்கு இது மிகவும் பயன்படும். பேஸ் கிட்டார் இருந்தாலும் இசை ஜாஸாகவே இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

உருப்படிகளைத் தேர்ந்தெடுத்தலும் நேரக் கணக்கும்

இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 நிமிடங்கள்தான் இடம். இப்போது அந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும், 40 நிமிடங்கள் என்பது ஒருவர் அமர்ந்து கேட்கக்கூடிய நல்ல அளவு. ஆறு அல்லது ஏழு உருப்படிகளைத் தேர்ந்தெடுங்கள். அவற்றில் ஒரு ப்ளூஸ், மெதுவான ஒன்று, 3/4 தாளத்தில் ஒன்று, விரைவான ஒன்று இருக்கட்டும். எல்லாமே நடுத்தர வேகமாக இருந்தால் மூன்றாவது உருப்படியிலேயே கேட்பவர் கவனம் சிதறிவிடும்.

நேரத்தை முன்கூட்டியே கணக்கிட முடியும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில், 12 பார் (ஒரு பார் என்பது நான்கு தட்டு) கொண்ட ப்ளூஸின் ஒரு சுற்றில் 48 தட்டுகள். அதாவது 24 விநாடிகள். 32 பார் கொண்ட பாடலின் ஒரு சுற்று அதே வேகத்தில் 64 விநாடிகள். ஹெட் எனப்படும் முதன்மை மெட்டை ஒரு முறை, கிட்டார் சோலோ இரண்டு சுற்று, பேஸ் ஒரு சுற்று, ட்ரம்ஸுடன் நான்கு நான்கு பாராக மாறி மாறி வாசிப்பது ஒரு சுற்று, மீண்டும் ஹெட் என்று எடுத்துக்கொண்டால் ஆறு சுற்று. ஆறரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இதை ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கொடுத்துவிடுங்கள்.

இந்தக் கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் புகழ்பெற்ற உதாரணம் கிட்டார் கலைஞர் கிராண்ட் கிரீனின் ‘ஐடில் மொமென்ட்ஸ்’ ஆல்பம். 1963 நவம்பர் 4 அன்று தலைப்பு உருப்படியைப் பதிவு செய்தபோது, ஒரு சுற்று என்பது 16 பாரா 32 பாரா என்பதில் குழுவுக்குள் குழப்பம் ஏற்பட்டு, நினைத்ததைவிட மிக நீண்டு ஏறத்தாழ 15 நிமிடங்களுக்குப் போய்விட்டது. ஆனால் வாசிப்பு அவ்வளவு அழகாக அமைந்துவிட்டதால் அதை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற உருப்படிகள் இசைத்தட்டில் அடங்குவதற்காக நவம்பர் 15 அன்று மீண்டும் கூடி அவற்றில் இரண்டைச் சுருக்கமாக வாசித்தார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இரண்டு: தாளில் கணக்கு இருக்க வேண்டும், அதை மீறி நல்லது நடந்தால் கணக்கை மாற்றிக்கொள்ளக் கூடுதலாக ஒரு நாளும் கையில் இருக்க வேண்டும்.

மெட்டுகள் உங்களுடையவையாக இருப்பதே நல்லது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக வந்த 31சி பிரிவு, பிறருடைய பாடலை மறுபதிவு செய்ய வழி வைத்திருக்கிறது. ஆனால் முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்தாண்டுகள் கழிந்திருக்க வேண்டும். முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமைத்தொகையையும் செலுத்த வேண்டும். சிறு குழுவுக்கு இது கட்டுப்படியாகாது. பிறர் பாடல் வேண்டுமென்றால், உரிமையாளரிடம் நேரடியாக எழுத்துப்பூர்வ அனுமதி பெற்ற பிறகே அதை ஒத்திகையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகை

ஆறு வாரங்கள், வாரத்துக்கு இரண்டு நாள் என்று சேலத்திலேயே ஒத்திகை பார்த்தோம். கூடத்தின் நடுவில் ஒரே ஒரு கைப்பேசியை வைத்து எல்லாவற்றையும் பதிவு செய்தோம். அந்த ஒற்றைப் பதிவில் பேஸ் கேட்கவில்லை என்றால் ட்ரம்ஸோ கிட்டாரோ சத்தமாக இருக்கிறது என்று பொருள். ட்ரம்ஸ் வாசிப்பவர் குச்சியை விட்டு, மெல்லிய கம்பிகளாலான பிரஷ்ஷுக்கு மாற வேண்டும், அல்லது கிட்டார் ஆம்பைக் குறைக்க வேண்டும். ஒரு மைக்கில் சமநிலையாகக் கேட்கும் குழுவுக்கு எட்டு மைக்கிலும் சமநிலை வந்துவிடும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி மிக்ஸிங் (தடங்களைக் கலந்து சமன்செய்யும் வேலை) அங்கேயே முடிந்தது.

வீடும் காலமும்

சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். முப்பது கிலோமீட்டர் தொலைவுதான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ட்ரம்ஸை வண்டியில் கட்டும்போது இந்த வளைவுகளை நினைவில் வைத்துக் கட்டுங்கள்.

மே மாதம் வேண்டாம். கோடை விழாவும் விடுமுறைக் கூட்டமும் சேர்ந்து ஊர் நிறைந்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். ஆனால் அது காபிப் பழம் பறிக்கும் காலமும் ஆகும். பறித்த பழத்தை அன்றன்றே தோலுரிக்கும் பல்ப்பர் இயந்திரத்தின் சத்தம் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். நாங்கள் வீடு பார்க்கப் போனபோது அங்கிருந்த காவலாளி அண்ணன், “தம்பி, பக்கத்து எஸ்டேட்ல நாலு மணிக்கு மேலதான் பல்ப்பர் ஓட்டுவாங்க, அதுக்குள்ள உங்க பாட்டை முடிச்சுக்கங்க” என்றார். எங்கள் நான்கு நாள் அட்டவணையும் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் அமைந்தது. வார இறுதியைத் தவிர்த்து, திங்கள் மாலை ஏறி வெள்ளி காலை இறங்குவதுபோலத் திட்டமிட்டால் சுற்றுலா வண்டிகளின் ஹாரனும் குறைவாக இருக்கும்.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கூடத்தின் நடுவில் நின்று பலமாக ஒரு முறை கைதட்டுங்கள். தட்டிய ஓசை ‘ட்ர்ர்ர்’ என்று அதிர்ந்து திரும்பினால் எதிரெதிர்ச் சுவர்கள் வெறுமையாக இருக்கின்றன என்று பொருள். அதை மெத்தையால் சரி செய்யலாம். சரி செய்ய முடியாதது அறையின் அளவு. ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். அதை அறையின் நீளத்தைப் போல் இருமடங்கால் வகுத்தால் அந்த அறையில் பெருகி ஒலிக்கும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் கிடைக்கும். நான்கு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் கொண்ட சதுர அறையில் இரண்டு பக்கமும் 43 ஹெர்ட்ஸையே தூக்கிவிடும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஆகவே அந்தக் கம்பியைத் தொட்டாலே அறை முழங்கும். சதுர அறையை விட்டுவிடுங்கள். நீளமும் அகலமும் உயரமும் ஒன்றுக்கொன்று வேறுபட்ட கூடமே நல்லது.

தகரக் கூரை கூடவே கூடாது. சிறு தூறலும், கூரையில் குரங்கு ஓடுவதும் ஒரு நல்ல டேக்கை (ஒரு முறை வாசித்துப் பதிவு செய்ததை) அழித்துவிடும். ஓட்டுக் கூரையும் அதன் கீழே மரப்பலகை உள்கூரையும் உள்ள பழைய வீடு கிடைத்தால், வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியைச் சிதறடிக்கும் சாய்வான மர உள்கூரையைப் பணம் கொடுத்துக் கட்ட முடியாது.

குளிரும் ஈரமும் மின்சாரமும்

மலையேறும்போது வெப்பம் ஏழு எட்டு டிகிரி குறைந்துவிடுகிறது. குளிரில் உலோகக் கம்பி சுருங்கி ஸ்ருதி ஏறும். ஈரத்தில் மரம் உப்பி, கம்பிக்கும் கழுத்துக்கும் இடையே உள்ள உயரம் மாறும். உள்ளீடற்ற உடல் கொண்ட ஜாஸ் கிட்டாருக்கு இது இன்னும் கூடுதல். போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் அறையிலேயே வைத்து, பிறகு திறந்து, அன்று இரவு பதிவு செய்யாமல் விட்டுவிடுவது நல்லது. புதுக் கம்பியைச் சேலத்திலேயே ஐந்து நாளைக்கு முன்பு மாற்றிவிட வேண்டும். ஜாஸுக்கு வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பிகள் பொருத்தமானவை; விரல் நகரும்போது எழும் கீச்சொலி அவற்றில் இருக்காது. மழைநாளில் மிருதங்கம் இறங்கிவிடுவதை அறிந்தவர்களுக்குத் தோல் போட்ட ட்ரம்ஸைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக் தோலாக இருந்தால் கவலை குறைவு.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து எடுங்கள். ஒரு கிட்டார் ஆம்ப், இன்டர்ஃபேஸ் (மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் கருவி), மடிக்கணினி மூன்றும் சேர்ந்தாலும் 5 ஆம்பியர் பாயின்ட் தாங்கும். வெவ்வேறு அறைகளிலிருந்து எடுத்தால் எர்த் வழியாக 50 ஹெர்ட்ஸ் உறுமல் வந்துவிடும். கரன்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறினால் பதிவை நிறுத்திவிடுங்கள்; மலிவான இன்வெர்ட்டர்கள் தரும் மின்சார அலை ஆம்பில் கொசு ரீங்காரம்போலக் கேட்கும். ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் உறுப்பு) உள்ள கிட்டாரென்றால், வாசிப்பவர் நாற்காலியோடு மெல்லத் திரும்பிப் பார்த்து, உறுமல் மிகக் குறைவாக இருக்கும் திசையில் அமரட்டும். ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, திரும்பப் போடுவது மறந்துவிடாமலிருக்க வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

கூடத்தை அமைத்தலும் மைக் வைத்தலும்

முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவதால் பயனில்லை. அவை தாழ்ந்த ஒலியை உறிஞ்சுவதில்லை. கனமான பொருள்தான் வேலை செய்யும். சேலத்திலிருந்து நான்கு இலவம்பஞ்சு மெத்தைகளையும் இரண்டு பவானி ஜமுக்காளங்களையும் கொண்டுபோனோம். ஜமுக்காளம் ட்ரம்ஸுக்குக் கீழே. மெத்தைகள் கூடத்தின் மூலைகளில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, செங்குத்தாக. எல்லாச் சுவரையும் மூடிவிட வேண்டாம். முழுவதும் மூடிய அறையில் சிம்பலின் மேல் ஒலி செத்துவிடும். வாசிப்பவர்களும் தங்கள் ஒலி கேட்காமல் ஓங்கி அடிக்கத் தொடங்குவார்கள்.

மூவரும் முக்கோணமாக, இரண்டு மீட்டர் இடைவெளியில், முகம் பார்த்து அமர வேண்டும். ட்ரம்ஸைச் சுவரோரமாகத் தள்ளாமல் கூடத்தின் நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே வையுங்கள். கிட்டார் ஆம்பை ஒரு மர ஸ்டூலின் மேல் தூக்கி வையுங்கள். தரையில் வைத்தால் தரையே ஒலிக்கும். ஆம்பின் ஸ்பீக்கர் ட்ரம்ஸைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பியிருக்கட்டும். சத்தம் மிகுதியாக இருந்தால் ஆம்பை மட்டும் பக்கத்து அறையில் வைத்துக் கதவைப் பாதி சாத்திக்கொள்ளலாம். கிட்டார் வாசிப்பவர் மட்டும் கூடத்தைவிட்டு வெளியேறக் கூடாது.

ஆம்புக்கு ஷூர் எஸ்.எம்.57 போன்ற எளிய டைனமிக் மைக் போதும். ஸ்பீக்கர் கூம்பின் நடுவில் வைத்தால் கூர்மையான ஒலியும், ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த உருண்டையான ஒலியும் கிடைக்கும். ஒரு விரற்கடை நகர்த்தினாலே வேறுபாடு தெரியும். ஒலியின் உயர், தாழ் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் தொடுவதற்கு முன்பு இந்த ஒரு விரற்கடையை நம்புங்கள். கூடவே, கிட்டார் கழுத்தின் பன்னிரண்டாவது கட்டைக்கு (ஃபிரெட்) எதிரே 30 சென்டிமீட்டரில் நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் ஒரு கண்டன்சர் மைக்கை வைத்தால், விரல் கம்பியைத் தொடும் ஓசையும் மர உடலின் மூச்சும் பதிவாகும். ஆம்பில் எட்டு பங்கு, இதில் இரண்டு பங்கு என்று கலக்கும்போது கிட்டார் கேட்பவரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

பேஸ் கிட்டாரை டி.ஐ. பெட்டி (மைக் இல்லாமலே கருவியைப் பதிவோடு இணைக்கும் சிறு பெட்டி) வழியாக நேரடியாக எடுங்கள். டபுள் பேஸ் இருந்தால், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு முன்னே ஒரு முழத்துக்குள் ஒரு மைக். ட்ரம்ஸுக்கு மூன்று மைக்குக்கு மேல் வேண்டாம்: தலைக்கு மேலே ஒன்று, காலால் மிதித்து அடிக்கும் கிக் ட்ரம்முக்கு முன்னே ஒன்று, அடியில் கம்பிச்சுருள் உள்ள சிறு முரசான ஸ்நேர் பக்கத்தில் ஒன்று. ராக் இசையில் செய்வதுபோல் கிக் ட்ரம்முக்குள் தலையணையைத் திணிக்காதீர்கள். ஜாஸில் தாளத்தைச் சுமப்பது பெரும்பாலும் ரைடு எனப்படும் பெரிய சிம்பல்தான். தலைக்கு மேலே உள்ள மைக்கில் அது தெளிவாகக் கேட்டால் ட்ரம்ஸ் வேலை முக்கால்வாசி முடிந்தது.

ஒரு கருவியின் ஒலி இன்னொன்றின் மைக்கில் விழும்; பயப்பட வேண்டாம்.  கருவிக்கும் அதன் மைக்குக்கும் இடையே ஓர் அடி என்றால், அடுத்த மைக் குறைந்தது மூன்று அடி தள்ளி இருந்தால் போதும். அந்தக் கசிவு கூடத்தின் இயல்பான வாசமாக மாறிவிடும். ஆனால் கசிவு இருப்பதால், தவறாக வாசித்த ஒரு ஸ்வரத்தைப் பின்னால் தனியாக மாற்ற முடியாது என்பதையும் எல்லோரும் ஏற்றுக்கொண்டே அமர வேண்டும். எங்கள் வாசிப்பில் கவனம் கூடியதற்கு இதுவே பெரிய காரணம்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற அளவில் பதிவு செய்யுங்கள். மிக உரத்த இடத்திலும் அளவுமானி உச்சத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டெசிபெல் கீழேயே நிற்கட்டும். எட்டுத் தடங்கள் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 4 ஜி.பி. பிடிக்கும். ஒவ்வொரு நாள் இரவும் இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்க்குகளில் நகலெடுத்து, ஒன்றை வண்டியில் வைத்துவிட்டு உறங்குங்கள்.

அதிர்வைத் தேடுதல்

முதல் நாள் காலை, பேஸ் ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில் நிற்கும்போதெல்லாம் ‘ஜ்ஜ்’ என்று ஓர் ஒலி கேட்டது. ஸ்நேரின் அடியில் உள்ள கம்பிச்சுருள் என்று நினைத்துத் தளர்த்திப் பார்த்தோம், போகவில்லை. ஆம்பைத் திருப்பினோம், கேபிளை மாற்றினோம். கடைசியில் பேஸ் வாசிப்பவரை அந்த ஸ்வரத்தை விடாமல் இழுக்கச் சொல்லிவிட்டு, நான் காதைச் சுவரோரமாக வைத்துக்கொண்டே கூடத்தைச் சுற்றினேன். ஜன்னல் கம்பிக்கு உள்பக்கத் திட்டில், காலையில் காபி குடித்துவிட்டு வைத்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று டபராவுக்குள் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. விரலை வைத்ததும் ஒலி நின்றது.

இதைப் பிறகு ஒரு படியாகவே வைத்துக்கொண்டோம். பதிவுக்கு முன்னால் பேஸ் வாசிப்பவர் மிகத் தாழ்ந்த ஸ்வரத்திலிருந்து ஒவ்வொரு அரை ஸ்வரமாக ஏறி வர வேண்டும். மற்றவர்கள் கண்ணாடி அலமாரி, சுவர்க் கடிகாரம், கதவுத் தாழ்ப்பாள், ட்யூப்லைட் பட்டி எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இருபது நிமிட வேலை. ஆனால் பதிவான பிறகு இந்த ஒலியை அகற்ற எந்த வழியும் இல்லை.

வாசித்தல்

காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடிப்பது எங்கள் நேரம். பிரஷ் வைத்து வாசிக்கும் மெதுவான உருப்படிகளைப் பனி விலகி ஊர் அமைதியாக இருக்கும் பத்து முதல் பன்னிரண்டு மணிக்குள் எடுத்தோம். விரைவான உருப்படிகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தோம். வெளியே ஒரு லாரி போனாலும் அவற்றில் தெரியாது. அந்தி சாய்ந்தால் சில்வண்டுகள் தொடங்கிவிடும். ஜன்னலைச் சாத்தினாலும் அவற்றின் ஒலி சிம்பலின் அதிர்வெண்ணிலேயே கேட்பதால் மாலையை மைக் இல்லாத ஒத்திகைக்கு விட்டுவிட்டோம்.

ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் மெட்ரோனோமை எட்டுத் தட்டு மட்டும் கேட்டுவிட்டு அணைத்துவிடுங்கள். இதனால் எல்லா டேக்கும் ஏறத்தாழ ஒரே காலப்பிரமாணத்தில் அமையும். அதே நேரத்தில் சோலோ சூடேறும்போது குழு சற்று முன்னே சாய்வதற்கும் இடம் இருக்கும். ஓர் உருப்படிக்கு மூன்று டேக். மூன்றில் வரவில்லை என்றால் அடுத்ததற்குப் போய்விட்டு மறுநாள் திரும்பி வாருங்கள். நான்காவது டேக்கிலிருந்து எல்லோரும் முந்தைய டேக்கில் நன்றாக அமைந்ததை மீண்டும் வாசிக்க முயல்வார்கள். அங்கே உரையாடல் நின்றுவிடும்.

ஒவ்வொரு டேக் முடிந்ததும் கடைசிச் சிம்பல் முழுவதும் அடங்கும் வரை, மனதுக்குள் பத்து எண்ணி, யாரும் அசையக் கூடாது. ட்ரம்ஸ் நண்பர் முதல் நாள் இரண்டு முறை மகிழ்ச்சியில் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்; இரண்டுமே நல்ல டேக்குகள். எல்லா டேக்கையும் உடனே போட்டுக் கேட்க வேண்டாம். முதல் டேக்கைக் கேட்டுச் சமநிலையைச் சரிபார்த்துவிட்டு, மற்றவற்றை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கேளுங்கள். ஒருவர் நோட்டில் டேக் எண், தொடங்கிய நேரம், எங்கே பிசகியது என்பதை எழுதி வர வேண்டும். கடைசி நாளில் யாரும் வாசிக்காமல் கூடத்தின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள், ஒட்டும்போது தேவைப்படும்.

மலையிறங்கிய பிறகு

இரண்டு வாரம் எதையும் கேட்காதீர்கள். பிறகு மூவரும் தனித்தனியாகக் கேட்டு, தமக்குப் பிடித்த டேக்கை எழுதிக்கொண்டு வந்து ஒப்பிடுங்கள். தம் சோலோ நன்றாக இருப்பதை வைத்து ஒருவர் தேர்ந்தெடுப்பது இயல்பு. ஆகவே மற்ற இருவர் வாசித்ததை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். இரண்டு டேக்குகளை ஒட்டுவதென்றால், ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், சிம்பல் மெலிந்திருக்கும் கணத்தில் ஒட்டுங்கள். வேகம் நிமிடத்துக்கு இரண்டு மூன்று தட்டுக்கு மேல் வேறுபட்டால் ஒட்டு தெரிந்துவிடும்.

மிக்ஸிங்கில் செய்ய வேண்டியது குறைவு. பேஸ் நடுவில், கிட்டார் சற்று இடப்பக்கம், ட்ரம்ஸ் எதிரே உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தெரியும் விதத்தில். செயற்கை எதிரொலியைக் கொஞ்சமாக, எல்லாவற்றுக்கும் ஒன்றே ஒன்றாகப் பயன்படுத்துங்கள். கூடத்தின் ஒலி ஏற்கெனவே இருக்கிறது. மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய இறுதி மெருகு) செய்பவரிடம் சத்தத்தைக் கூட்ட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாடல்களையும் இயல்பாக மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு அருகில் கொண்டுவந்துவிடுகிறது. ஆகவே அழுத்திச் சத்தமாக்கினால் பிரஷ்ஷின் மெல்லிய உரசலை இழப்பதைத் தவிர வேறு பலன் இல்லை.

வெளியிடுவதற்கு முன்பு ஒரு பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். நம் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை அதற்கு முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்ற தயாரிப்பாளருக்கு, வெளியீட்டுக்குப் பிந்தைய ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். வாசித்தவரின் நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள். மெட்டின் உரிமை இயற்றியவரின் ஆயுளோடு மேலும் 60 ஆண்டுகள். தயாரிப்பாளர் யார், வருமானம் எப்படிப் பிரியும், எந்த மெட்டு யாருடையது என்ற மூன்றையும் எழுதிவிட்டால் நட்பு நிலைக்கும். மெட்டு இயற்றியவர், படைப்பாளர்களுக்கான உரிமைத்தொகையை வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகிக்கொள்ளலாம், ஒவ்வொரு தடத்துக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட அடையாளக் குறியையும் பெற்றுக்கொள்ளுங்கள். உறையில் வாசித்தவர்கள், கருவிகள், பதிவான ஊர், நாள் எல்லாம் இருக்கட்டும். மெத்தைகளைக் கூடத்துக்குத் தூக்கி வந்து வைத்து, பல்ப்பர் ஓடும் நேரத்தையும் சொன்ன அந்தக் காவலாளி அண்ணனின் பெயரை, அவர் சம்மதத்தோடு, எங்கள் உறையில் ட்ரம்ஸ் வாசித்தவரின் பெயருக்கு அடுத்த வரியில் போட்டிருக்கிறோம்.